போர்த்துக்கேய மொழியில் எச்ச வடிவங்கள்

போர்த்துக்கேய மொழியில் எச்ச வடிவங்கள் என்பவை, ஒரு வினைச்சொல் முற்றாக நின்று தொடரை முடிக்காமல், பெயரைச் சிறப்பித்தோ வேறொரு வினையைச் சார்ந்தோ வரும் வடிவங்கள் ஆகும். இவற்றுள் முதன்மையானது பர்த்திசீப்பியு எனப்படும் இறந்தகால எச்சம். இதனோடு தொடர்புடைய இன்னொரு வடிவம் செருந்தியு எனப்படும் தொடர்வினை எச்சம். தமிழில் பெயரெச்சம், வினையெச்சம் என இரண்டாகப் பிரிந்து நிற்கும் பணிகளைப் போர்த்துக்கேயம் வேறு விதமாகப் பங்கிட்டுக் கொள்கிறது. இதனால் 'திறந்த' என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஒரே போர்த்துக்கேயச் சொல்லை எங்கும் இட இயலாது.

போர்த்துக்கேயம் போர்த்துகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகளின் ஆட்சிமொழி. 1961 வரை போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்த கோவாவில் இன்றும் சில பள்ளிகளில் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

இக்கட்டுரையில் போர்த்துக்கேயச் சொற்கள் ஐரோப்பியப் பலுக்கலை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. தமிழ் எழுத்து சில ஒலிகளைப் பிரித்துக் காட்டாது ஆகையால் இவை ஏறத்தாழவே பொருந்தும். ஆனால் ஒரு வசதியும் உண்டு. உயிர்களுக்கு இடையே வரும் தமிழ்த் தகரம் ('அது', 'காது' என்பவற்றில் உள்ளது போல) மெலிந்து ஒலிப்பதும், போர்த்துக்கேய எச்ச விகுதியில் உள்ள மெய் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள முக்கொம்பைப் பற்றியவை. காவிரி இங்கு இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் செல்கிறது. இடையில் உள்ள நிலம் திருவரங்கத் தீவு. 1836ஆம் ஆண்டளவில் ஆர்தர் காட்டன் இங்கு மேலணையைக் கட்டினார். பிரிதல், திறத்தல், மூடுதல், நிரம்புதல், வற்றுதல் ஆகிய வினைகள் எல்லாம் ஓர் அணையில் இயல்பாகவே நிகழ்வதால், எச்சங்களை விளக்க இவ்விடம் பொருத்தமாகிறது.

பெயர் விளக்கம்

பர்த்திசீப்பியு என்ற சொல் 'பங்கு கொள்வது' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வினையின் தன்மையிலும் பெயரின் தன்மையிலும் பங்கு கொள்வதால் இப்பெயர். தமிழ் இலக்கணத்தார் இதே வகைச் சொல்லை 'எச்சம்' என்றனர். எஞ்சி நிற்பது, அதாவது முடிவு பெறாதது என்பது பொருள். ஒரு மரபு இவ்வடிவத்தை அது பெற்றிருப்பதைக் கொண்டு பெயரிட்டது. மற்றது, அதற்குக் குறைவதைக் கொண்டு பெயரிட்டது. தமிழ்ப் பெயர் கற்பவருக்குக் கூடுதலாக உதவும் எனலாம். ஓர் எச்சத்தைக் கண்டவுடன் 'இது எதை வேண்டி நிற்கிறது?' என்று கேட்க அது பழக்குகிறது.

உருவாக்கம்

போர்த்துக்கேய வினைகள் அவற்றின் முடிவைக் கொண்டு மூன்று வகைப்படும். 'ஆர்' என முடியும் வினைகள் 'ஆது' விகுதி பெறும். 'ஏர்', 'ஈர்' என முடியும் வினைகள் இரண்டும் 'ஈது' விகுதி பெறும்.

ஃபெஷார் (மூடு) – ஃபெஷாது
என்ஷேர் (நிரப்பு) – என்ஷீது
திவிதீர் (பிரி) – திவிதீது

இரண்டாம் வகைக்குப் பழங்காலத்தில் 'ஊது' என்ற தனி விகுதி இருந்தது. அது வழக்கொழிந்துவிட்டது. 'உள்ளடக்கம்' எனப் பொருள்படும் கொந்த்தெயூது என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் அதன் சுவடு தெளிவாக நிற்கிறது.

விதிக்கு உட்படாதவை எண்ணிக்கையில் சிலவே என்றாலும், அன்றாடம் மிகுதியாகப் பயன்படுபவை அவையே ஆதலால் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை:

அப்ரீர் (திற) – அபெர்த்து
குப்ரீர் (மூடிப் போர்த்து) – குபெர்த்து
ஃபஸேர் (செய்) – ஃபெய்த்து
திஸேர் (சொல்) – தீத்து
இஷ்கிரெவேர் (எழுது) – இஷ்கிரீத்து
வேர் (பார்) – வீஷ்த்து
போர் (வை) – போஷ்த்து
வீர் (வா) – வீந்து

முன்னொட்டுச் சேர்ந்த வினைகள் தம் மூல வினையையே பின்பற்றும். 'கண்டுபிடி' என்னும் திஷ்குப்ரீர், குப்ரீரிலிருந்து பிறந்ததால் அதன் எச்சம் திஷ்குபெர்த்து ஆகும். 'வா' என்னும் வினையின் எச்சமான வீந்து ஒரு விந்தை. இறந்தகால எச்சமும் தொடர்வினை எச்சமும் அதற்கு ஒன்றே. 'வந்த', 'வந்துகொண்டு' என இரண்டில் எது என்பதைத் தொடர்தான் சொல்ல வேண்டும்.

பெயரோடு இணங்குதல்

தமிழ்ப் பெயரெச்சம் எப்பெயருக்கு முன் வந்தாலும் வடிவம் மாறுவதில்லை. திறந்த கதவு, திறந்த கதவுகள், திறந்த வாய், திறந்த மனம் என எல்லாவற்றிலும் 'திறந்த' என்பதே வரும். போர்த்துக்கேய எச்சமோ தான் சிறப்பிக்கும் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்கும். அத்துடன் பெயருக்குப் பின்னால் நிற்கும். போர்த்துக்கேயத்தில் உயிரற்ற பொருள்களுக்கும் இலக்கணப் பால் உண்டு. கனால் (கால்வாய்) ஆண்பால். கொம்போர்த்தா (மதகின் அடைப்புக் கதவு) பெண்பால்.

கனால் அபெர்த்து – திறந்த கால்வாய்
கனாய்ஷ் அபெர்த்துஷ் – திறந்த கால்வாய்கள்
கொம்போர்த்தா அபெர்த்தா – திறந்த மதகு
கொம்போர்த்தாஷ் அபெர்த்தாஷ் – திறந்த மதகுகள்

தமிழில் இத்தகைய இயைபு வினைமுற்றில் காணப்படுகிறது: வந்தான், வந்தாள், வந்தன. எனவே தமிழ் மாணவருக்கு இயைபு என்ற கருத்து புதிதன்று. அது வரும் இடமே புதிது.

ஆறில் ஒன்று

தமிழ் மாணவர் மிகுதியாகத் தவறும் இடம் இது. தமிழ் இலக்கணம் ஒரு வினை ஆறு பொருள்களைத் தரும் என்கிறது: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். பெயரெச்சம் இந்த ஆறில் எதன் பெயரையும் கொண்டு முடியலாம் என்பது நன்னூல் முதலிய நூல்களின் கொள்கை. முக்கொம்பில் மதகு திறக்கும் நிகழ்ச்சியைக் கொண்டு இதனைக் காணலாம்.

மதகைத் திறந்த பணியாளர் (செய்பவன்)
மதகைத் திறந்த மோட்டார் (கருவி)
மதகைத் திறந்த அணை (இடம்)
மதகைத் திறந்த வேலை (செயல்)
மதகைத் திறந்த நாள் (காலம்)
பணியாளர் திறந்த மதகு (செயப்படுபொருள்)

ஆறு இடத்திலும் எச்சம் 'திறந்த' என்பதே. போர்த்துக்கேய அபெர்த்து இவற்றுள் கடைசி ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும். அதாவது, செயப்படுபொருள் குன்றாவினையின் இறந்தகால எச்சம் செயலுக்கு உட்பட்ட பொருளையே சிறப்பிக்கும், செய்தவரைச் சிறப்பிக்காது. 'மதகைத் திறந்த பணியாளர்' என்று நினைத்துக்கொண்டு ஒருவர் த்ரபல்யதோர் அபெர்த்து என்று எழுதினால், போர்த்துக்கேயர் அதனைத் 'திறக்கப்பட்ட பணியாளர்' என்றே கொள்வர். அறுவை மருத்துவர் கையில் அகப்பட்டவர் போலும் என்று எண்ணவும் இடமுண்டு.

மற்ற ஐந்து இடங்களிலும் கெ என்னும் இணைப்புச் சொல்லும் ஒரு வினைமுற்றும் வர வேண்டும். 'மதகைத் திறந்த பணியாளர்' என்பது உ த்ரபல்யதோர் கெ அப்ரீவு அ கொம்போர்த்தா ஆகும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பணியாளர், எவர் மதகைத் திறந்தாரோ அவர்' என்ற அமைப்பு. காலத்தையும் இடத்தையும் கருவியையும் குறிக்கும்போது இந்தக் கெ என்பதற்கு முன் தக்க முன்னிடைச் சொல் சேரும். இடத்துக்கு ஓந்தி (எங்கு) என்ற சொல்லும் வரும்.

செயப்படுபொருள் குன்றிய வினைகளில் நிலைமை வேறு. செயலுக்கு உட்படும் பொருள் அங்கே இல்லாததால் எச்சம் எழுவாயையே சிறப்பிக்கிறது: நஷ்சீது (பிறந்த), ஃபலெசீது (காலமான). இவை தமிழ்ப் பெயரெச்சத்தோடு தடையின்றிப் பொருந்தும்.

விதியை மீறிச் செய்பவரைச் சிறப்பிக்கும் எச்சங்களும் சில உண்டு. லேர் (படி) என்னும் வினையின் எச்சமான லீது, நூலோடு வரும்போது 'படிக்கப்பட்ட' எனப் பொருள்படும். மனிதரோடு வரும்போது 'நிறையப் படித்த' எனப் பொருள்படும். தமிழில் 'படித்தவர்' என்பதும் இவ்வாறே கல்வியறிவு உடையவரைக் குறிப்பது காண்க. இஷ்கெசீது (மறந்த) என்பதும் 'மறக்கப்பட்ட', 'மறதியுள்ள' என இரு பொருள் தரும்.

திறக்கப்பட்டது, திறந்திருக்கிறது

இறந்தகால எச்சம் துணைவினைகளோடு சேர்ந்து முழுத் தொடர்களை உருவாக்குகிறது. போர்த்துக்கேயத்தில் 'இரு' என்பதற்குச் சேர், இஷ்த்தார் என இரு வினைகள் உள்ளன. இரண்டோடும் எச்சம் சேரும், பொருள் மாறும்.

அ கொம்போர்த்தா ஃபொய் அபெர்த்தா – மதகு திறக்கப்பட்டது.
அ கொம்போர்த்தா இஷ்த்தா அபெர்த்தா – மதகு திறந்திருக்கிறது.

முதலாவது ஒரு நிகழ்ச்சி, யாரோ திறந்தனர். இரண்டாவது ஒரு நிலை. யார் திறந்தார் என்ற கேள்வியே எழவில்லை. தமிழில் 'படு' என்ற துணைவினையும் 'இரு' என்ற துணைவினையும் செய்யும் வேறுபாடு இதுவே. ஆங்கிலம் இரண்டிற்கும் ஒரே துணைவினையைப் பயன்படுத்துவதால், ஆங்கிலத்தின் வழியாகப் போர்த்துக்கேயம் கற்பவர்கள் இங்கே தடுமாறுகின்றனர். தமிழ் வழியாகக் கற்பவருக்கு இது எளிது.

செய்தவரையோ செய்ததையோ குறிப்பிட வேண்டுமாயின் போர் என்ற முன்னிடைச் சொல் வரும். இது தமிழின் 'ஆல்' உருபுக்கு இணையானது. பெண்பாற் சுட்டோடு சேர்ந்து பெலா என்றாகும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரியில் வெள்ளம் சென்றுகொண்டிருந்தபோது முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. இந்நிகழ்ச்சியைப் போர்த்துக்கேயத்தில் நோவெ கொம்போர்த்தாஷ் ஃபொராம் லெவாதாஷ் பெலா ஆகுவா என்று கூறலாம்: 'ஒன்பது மதகுகள் நீரால் கொண்டு செல்லப்பட்டன'. மதகு பெண்பால், ஒன்பது பன்மை. எனவே எச்சம் லெவாது என்றில்லாமல் லெவாதாஷ் என்று வந்தது. 'மதகுகள் உடைந்தன' என்னும்போது செயலுக்கு உரியவர் எவரும் தொடரில் இல்லை. 'நீரால் கொண்டு செல்லப்பட்டன' என்னும்போது நீர் பொறுப்பேற்கிறது. பராமரிப்புக் குறைவே காரணம் என்று கருதும் ஒருவர் பெலா ஆகுவா என்பதை ஏற்கமாட்டார். செய்தித்தாள் தலைப்புகளைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டைக் கவனிப்பது நல்ல பயிற்சி.

உறைந்த எச்சம்

தேர் (உடைத்தாயிரு) என்னும் துணைவினையோடு வரும்போது மட்டும் எச்சம் இயைபை இழந்து ஆண்பால் ஒருமையில் உறைந்துவிடும்.

எலா தீஞா அபெர்த்து அஷ் கொம்போர்த்தாஷ் – அவள் மதகுகளைத் திறந்திருந்தாள்.

எழுவாய் பெண்பால், செயப்படுபொருள் பெண்பால் பன்மை. ஆயினும் எச்சம் அபெர்த்து என்றே நிற்கிறது. இங்கு அது பெயரைச் சிறப்பிக்காமல் வினையோடு சேர்ந்து ஒரே வினையாகிவிட்டதே இதற்குக் காரணம். தமிழ் நோக்கில் சொன்னால், பெயரெச்சமாக இருந்தது வினையெச்சமாகிவிட்டது: திறந்த என்பது திறந்து ஆயிற்று. பழைய போர்த்துக்கேயத்தில் இவ்விடத்திலும் எச்சம் செயப்படுபொருளோடு இணங்கியது. 'மதகுகளைத் திறந்த நிலையில் உடையவளாயிருந்தாள்' என்பது அன்றைய அமைப்பு. காலப்போக்கில் உடைமைப் பொருள் தேய்ந்து, துணைவினைப் பொருள் மட்டும் எஞ்சியது.

தேர் நிகழ்காலத்தில் வந்தால் பொருளில் ஒரு திருப்பம் உண்டு. தேஞு வீஷ்த்து என்பதை 'பார்த்திருக்கிறேன்' என்று மொழிபெயர்ப்பது பிழை. 'அண்மைக் காலமாக அடிக்கடி பார்த்து வருகிறேன்' என்பதே அதன் பொருள். ஒருமுறை பார்த்து முடிந்ததைச் சொல்ல எளிய இறந்தகால முற்றே போதும். 'திறந்து வருகிறார்கள்', 'எழுதி வருகிறேன்' என்று 'வா' என்னும் துணைவினையைத் தமிழ் பயன்படுத்தும் இடங்களை நினைவில் கொண்டால் இது விளங்கும்.

இரட்டை எச்சங்கள்

சில வினைகளுக்கு இரண்டு எச்சங்கள் உள்ளன: விதிப்படி அமைந்த நீண்டது ஒன்று, இலத்தீனிலிருந்து நேரே வந்ததோ சுருங்கியதோ ஆகிய குறியது ஒன்று. பொதுவாக நீண்டது தேர் என்பதோடும், குறியது சேர், இஷ்த்தார் என்பவற்றோடும் வரும். செகார் (வற்றச் செய்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உ சோல் தீஞா செகாது உ ரீயு – வெயில் ஆற்றை வற்றச் செய்திருந்தது.
உ ரீயு இஷ்த்தா சேக்கு – ஆறு வற்றிக் கிடக்கிறது.

அசெந்தேர் (ஏற்று, கொளுத்து) என்பதற்கு அசெந்தீது, அசேஸு. ப்ரெந்தேர் (பிடித்துக் கட்டு) என்பதற்கு ப்ரெந்தீது, ப்ரேஸு. எந்த்ரெகார் (ஒப்படை) என்பதற்கு எந்த்ரெகாது, எந்த்ரேகி என இவ்வாறு வரும். பேச்சு வழக்கு இவ்விதியைத் தளர்த்திவிட்டது. பாகு (செலுத்திய), காஞு (வென்ற), காஷ்த்து (செலவழித்த) ஆகிய குறிய வடிவங்கள் இன்று தேர் என்பதோடும் இயல்பாக வருகின்றன.

மோர்த்து என்ற குறிய எச்சம் தனியாகக் கவனிக்கத்தக்கது. மொர்ரேர் (இற), மத்தார் (கொல்) ஆகிய இரு வினைகளுக்கும் அது பொது. இஷ்த்தா மோர்த்து என்றால் 'இறந்துகிடக்கிறான்'; ஃபொய் மோர்த்து என்றால் 'கொல்லப்பட்டான்'. எச்சம் மாறவில்லை, துணைவினை ஒன்றே மாறியது. இயற்கையான சாவுக்கும் கொலைக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் அத்துணைவினையைச் சார்ந்தே நிற்கிறது.

தனித்து வரும் எச்சத் தொடர்

எச்சமும் அதன் பெயரும் மட்டும் சேர்ந்து, முதன்மைத் தொடருக்கு முன்னால் காலத்தையோ காரணத்தையோ காட்டி வருவதுண்டு. இது எழுத்து நடைக்கு உரியது. அபெர்த்தாஷ் அஷ் கொம்போர்த்தாஷ், அ ஆகுவா குர்ரேவு: 'மதகுகள் திறக்கப்பட்டதும் நீர் ஓடியது'. இங்கே எச்சம் பெயருக்கு முன் வருவதையும் இயைபு காப்பதையும் காண்க.

தொடர்வினை எச்சமும் பிறவும்

செருந்தியு எனப்படும் தொடர்வினை எச்சம் 'ஆந்து', 'எந்து', 'ஈந்து' என முடியும். பால், எண் காட்டாது. கொர்ரெந்து என்றால் 'ஓடிக்கொண்டு', அப்ரீந்து என்றால் 'திறந்துகொண்டு'. தமிழ் வினையெச்சத்திற்கு மிக அருகில் நிற்பது இதுவே. 'நீர் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லப் பிரேசிலியர் இவ்வடிவத்தைப் பயன்படுத்துவர். போர்த்துகலில் இதற்குப் பதிலாகப் பெயர்வினை வடிவமே பெருவழக்கு.

நிகழ்கால எச்சம் இலத்தீனில் இருந்தது. போர்த்துக்கேயத்தில் அது வினைத்தன்மையை இழந்து பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் மட்டும் வாழ்கிறது. அவ்வாறு எஞ்சியவற்றில் ஆற்றோடு தொடர்புடைய சொற்கள் பல: கொர்ரெந்த்தெ (ஓடுவது, நீரோட்டம்), அஃப்ளுவெந்த்தெ (வந்து சேர்வது, துணையாறு), நஷ்செந்த்தெ (பிறப்பது, ஊற்று), என்ஷெந்த்தெ (நிரப்புவது, வெள்ளம்), வஸாந்த்தெ (வடிவது, நீர் வடிதல்). காவிரிக்கு அமராவதி ஓர் அஃப்ளுவெந்த்தெ. கொள்ளிடம் பிரிந்து செல்லும் கிளையாறு ஆதலால் அதனை அவ்வாறு அழைக்க இயலாது. எதிர்கால எச்சம் இதைவிட அருகியது. விந்தோரு (வரும், வரப்போகும்) போன்ற ஓரிரு சொற்களிலேயே அது தெரிகிறது. திறந்த, திறக்கின்ற, திறக்கும் என முக்காலமும் காட்டும் தமிழ்ப் பெயரெச்சத்தின் செழுமை போர்த்துக்கேயத்தில் இல்லை.

'திறக்காத' போன்ற எதிர்மறைப் பெயரெச்சத்திற்கும் தனி வடிவம் கிடையாது. இனிமேல்தான் திறக்க வேண்டும் என்ற பொருளில் கொம்போர்த்தா போர் அப்ரீர் என்பர்.

தமிழோடு தொடர்பு

இவ்விரு இலக்கண மரபுகளும் முதன்முதலில் சந்தித்தது 16ஆம் நூற்றாண்டில், முத்துக்குளித்துறையில். அங்கு பணியாற்றிய இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். போர்த்துக்கேய மொழிக்கே முதல் இலக்கணம் 1536இல்தான் வெளிவந்திருந்தது. இலத்தீன் இலக்கணச் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வினைகளை அணுகியவருக்கு, ஒரே எச்சம் செய்பவனையும் செயப்படுபொருளையும் இடத்தையும் காலத்தையும் கொண்டு முடியும் மொழி எவ்வளவு அயலாக இருந்திருக்கும் என்பதை மேலே கண்ட ஆறு எடுத்துக்காட்டுகள் உணர்த்தும். அவர் நூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே லிசுபனில் இருந்து, 1982இல் அச்சேறியது.

திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட நாயக்கர் நாட்டுப் பகுதிகளில் இயங்கிய மதுரை மிசன், போர்த்துகல் அரசரின் ஆதரவில் நடைபெற்றது. அதனைச் சேர்ந்த அந்தாவோ தெ புரோயன்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் மறைவுக்குப் பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. இதே மிசனைச் சேர்ந்த வீரமாமுனிவர் இத்தாலியர். அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. அவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழுக்கு அவர் எழுதிய தொன்னூல் விளக்கம் தமிழ் மரபையே பின்பற்றியது.

எதிர்த்திசையில் தமிழின் தாக்கத்தை இலங்கையில் காணலாம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளில் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி, தமிழோடு பல தலைமுறை பழகியதன் விளைவாக வினையைத் தொடரின் இறுதியில் வைக்கிறது. இறந்தகால எச்சத்தின் இயைபு போன்ற ஐரோப்பிய இலக்கணக் கூறுகள் அதில் பெரிதும் உதிர்ந்துவிட்டன.

தமிழில் வழங்கும் போர்த்துக்கேயச் சொற்களில் ஓர் எச்சமும் மறைந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் விசுக்கோத்து என்று வழங்கும் சொல் பிஷ்கொய்த்து என்பதிலிருந்து வந்தது. அது 'இருமுறை சமைக்கப்பட்ட' எனப் பொருள்படும் இலத்தீன் எச்சத்தின் வழிவந்தது. 'சமை' என்னும் வினைக்கு இன்றைய போர்த்துக்கேய எச்சம் குஸீது. பழைய எச்சம் இந்தத் தின்பண்டத்தின் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தாரின் குசினியும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே.